தெருவை வெட்ட அனுமதி யார் தருவது? வளசரவாக்கத்தில் பாதாளச் சாக்கடை இணைப்பு

வளசை வீட்டுக்காரி:

வணக்கம். எங்கள் அப்பா வீடு சென்னை வளசரவாக்கத்தில், ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எண்பதுகளில் கட்டியது. இன்றுவரை செப்டிக் டேங்க்தான். தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் போட்டுப் பல வருடம் ஆகிறது. லாரிதான் வந்து எடுத்துக்கொண்டு போகிறதே, இப்போது என்ன அவசரம் என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். போன மழைக்கு டேங்க் நிரம்பி, கழிவறைக்குள்ளேயே எதிர்த்துக்கொண்டு வந்தது. அவருக்கு 78 வயது. இந்த மழைக்கு முன்பாவது இணைப்பு வாங்கிவிட வேண்டும் என்று நான் இறங்கியிருக்கிறேன்.

இந்தக் கோடையில்தான் தெருவுக்குப் புதிதாக சிமெண்ட் ரோடு போட்டார்கள். தெரிந்தவர் மூலம் வந்த ஒரு பிளம்பர், "மனு கினு எல்லாம் போட்டால் பொங்கல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பிரேக்கர் வைத்து உடைத்து, மேன்ஹோலில் ஆளை இறக்கி ஓட்டை போட்டுக் குழாயைச் செருகி, ஏழு மணிக்குள் மூடிவிடலாம். மொத்தம் 45,000" என்கிறார். எனக்கு மனது ஒப்பவில்லை. ஆனால் முறைப்படி செய்வது என்றால் எங்கே தொடங்குவது என்றும் தெரியவில்லை. மாநகராட்சியிலா, மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர், கழிவுநீர் வாரியத்திலா? ரோடு வெட்டும் அனுமதியை நானே வாங்க வேண்டுமா? போட்டு நாலு மாதம்கூட ஆகாத ரோட்டை வெட்ட விடுவார்களா? பணம் கட்டினால் ரோட்டைத் திரும்பப் போட்டுத் தருவது யார்? அடியில் கரண்ட் கேபிள் எங்கே போகிறது என்று யாரைக் கேட்பது? இப்போது ஆகஸ்ட் நடக்கிறது. இதையெல்லாம் செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

போரூர்வாசி:

மெட்ரோ வாட்டரில் தொடங்குங்கள். நாங்கள் குடிநீர் இணைப்பு வாங்கியபோது முதலில் வேறு இடத்தில் போய் நின்றுவிட்டோம். ரோடு மாநகராட்சியுடையது, அதனால் அங்கேதான் மனு என்று நினைத்தோம். உங்கள் வார்டுக்கென்று மெட்ரோ வாட்டர் அலுவலகம் ஒன்று இருக்கும், டெப்போ என்பார்கள். அங்கே உள்ள பொறியாளரைப் பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். சொத்துவரி ரசீது, பத்திர நகல், ஆதார் எல்லாம் கையோடு கொண்டு போங்கள். இணையத்திலும் மனு போடலாம். ஆனாலும் ஒருமுறை நேரில் போவது நல்லது என்பது என் அனுபவம்.

ரோடு இன்ஜினியர் (ஓய்வு):

அம்மா, அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள். நான் உள்ளாட்சியில் சாலைப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரோட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்த மேன்ஹோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூடிக் கிடக்கும் சாக்கடைக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கி நிற்கும். அளவு அதிகமானால் அதன் வாடைகூட மூக்குக்குத் தெரியாது. இறங்கியவன் மயங்கி விழுவான், அவனைத் தூக்க இறங்கியவனும் விழுவான். கையால் மலம் அள்ளுவதற்குத் தடை விதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடையைச் சுத்தம் செய்ய வைப்பதைக் குற்றம் என்கிறது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சுத்தம் செய்ய இறங்கினாலும் குழாய் செருக இறங்கினாலும் அந்த வாயு ஆளை விடாது. உங்கள் வீட்டு வேலைக்காக ஒரு மனிதனை அங்கே இறங்க விடாதீர்கள்.

சரி, இப்போது ரோடு. முதல் கேள்வி எப்போதுமே ரோடு யாருடையது என்பதுதான். சென்னைக்குள் எல்லா ரோடும் மாநகராட்சியுடையது என்று நினைக்கிறார்கள். உள் தெருக்கள் மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. பேருந்து போகும் ரோடுகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை இருக்கிறது. அண்ணா சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. பழைய மாமல்லபுரம் சாலையில் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை அதற்கென்றே அமைத்த அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் ராணுவக் குடியிருப்புப் பகுதியை நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் போர்டும் குறுக்கே வரும். சில மனைப்பிரிவுகளில் தெருவை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்காமலே விட்டிருப்பார்கள். அங்கே தெரு யாருடையது என்பதிலேயே வழக்கு நடக்கும். உங்களுடையது மாநகராட்சி புது ரோடு போட்டுக் கொடுத்த உள் தெரு என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. 2011இல் நகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது வளசரவாக்கம் நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்போது அது 11வது மண்டலம். மெட்ரோ வாட்டரிலும் பகுதி எண் 11தான்.

உங்கள் பெயரில் நீங்கள் தனியாக ரோடு வெட்டும் அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது சாக்கடை இணைப்பு. டெப்போ பொறியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். குழாய் எந்த மேன்ஹோலுக்குப் போகும், எத்தனை மீட்டர் வெட்ட வேண்டும், அதில் சிமெண்ட் ரோடு எவ்வளவு, மண் ஓரம் எவ்வளவு என்று அளந்து எஸ்டிமேட் போடுவார். அதில் இணைப்புக் கட்டணமும் இருக்கும், ரோடு வெட்டுத் தொகையும் இருக்கும். ரோட்டுக்காரரான மாநகராட்சியிடம் சேவைத் துறையான மெட்ரோ வாட்டர்தான் அனுமதி வாங்கும். இல்லந்தோறும் இணைப்பு என்று ஒரு திட்டம் உண்டு, உங்கள் தெருவுக்கு அது பொருந்துமா என்றும் அங்கேயே கேளுங்கள்.

இந்த ரோடு வெட்டுத் தொகையை அபராதம் மாதிரி நினைத்துக்கொண்டு மக்கள் வயிறெரிகிறார்கள். ரோட்டைத் திரும்பப் போடுவதற்கான செலவை முன்கூட்டியே உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். தார் ரோட்டுக்கு ஒரு விலை, சிமெண்டுக்கு ஒரு விலை, நடைபாதைக்கு ஒரு விலை என்று மாநகராட்சி மன்றத் தீர்மானத்தில் இருக்கும். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, அந்த விலையைப் போடுவார்கள். அதைக் கட்டிய பிறகு பள்ளத்தை மேலே மூடித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அனுமதி இல்லாமல் வெட்டினால் அந்த உரிமை போய்விடும். ரோடு உள்வாங்கி, இரவில் ஒரு பையன் வண்டியோடு விழுந்தால் முதல் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள். நீட்ட ஒரு தாள்கூட உங்களிடம் இருக்காது. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க மக்களிடம் சொன்னது இந்த ஒன்றைத்தான்: இந்தப் பள்ளத்துக்கு யார் பொறுப்பு என்பது தாளில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் அனுமதி.

பெரியவர்கள் சிலர் இன்னும் 1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தைச் சொல்வார்கள். 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் புதிய விதிகளும்தான் நடப்பு. மனுவில் பழைய பிரிவு எண்ணை எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

புது ரோடு பற்றி. புதிதாகப் போட்ட ரோட்டுக்கு ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் வேறொருவர் வெட்டினால், அப்புறம் வரும் எந்த விரிசலுக்கும் "அவர்கள் வெட்டியதால் வந்தது" என்று அவர் கைகழுவிவிடலாம். அதனால்தான் புது ரோட்டை வெட்ட அதிகாரிகள் தயங்குவார்கள். கழிவறை எதிர்த்து வருகிறது, வயதானவர் இருக்கிறார் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். சுகாதாரக் காரணத்துக்கு எடை உண்டு.

அதற்கும் முன்னால் ஒன்று கேளுங்கள். பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தபோது, பல தெருக்களில் ஒவ்வொரு மனையின் எல்லை வரைக்கும் ஒரு குழாயை இழுத்து மூடி போட்டு வைத்திருப்பார்கள். பின்னால் ரோட்டை வெட்டாமலே இணைக்கலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. டெப்போவில் பதிவேடு, வரைபடம் இருக்கும். உங்கள் வீட்டுக்கு அப்படி விட்டிருந்தால் இந்தப் பேச்சில் பாதி தேவையே இல்லை.

ஆகஸ்ட் நடக்கிறது என்று நீங்கள் சொன்னதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ, ரோடு வெட்டுக்கு மாநகராட்சி தடை போடும். அவசர வேலைக்கு மட்டும்தான் விலக்கு. மழை ஓய்ந்த பிறகே திரும்ப அனுமதி. தேவையில்லாத கெடுபிடி என்று சிலர் நினைப்பதுண்டு. முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருவில் திறந்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஈரத்தில் தார்க்கலவையும் ஒட்டாது, களிமண்ணும் கெட்டிப்படாது. நவம்பரில் மூடிய பள்ளம் டிசம்பரில் வாய் பிளக்கும். அதனால் இந்த வாரமே மனுவைப் போடுங்கள்.

லைசென்ஸ் பிளம்பர்:

சார் சொன்னதோடு சில விஷயங்கள். அந்த பிளம்பர் சொன்ன 45,000இல் ரோட்டுக்கான பணம் ஒரு ரூபாய்கூட இல்லை, அதைக் கவனியுங்கள். எங்கள் தொழிலில் முறையாகச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் வேலையை இப்போதே முடித்து வையுங்கள். காம்பவுண்டுக்குள் கடைசியாக ஓர் இன்ஸ்பெக்ஷன் சேம்பர், அதாவது திறந்து பார்க்க மூடியுள்ள சின்னத் தொட்டி, கட்ட வேண்டும், அங்கிருந்துதான் தெருவுக்குக் குழாய் போகும். வாட்டம் முக்கியம். ஆறு அங்குலக் குழாய்க்கு நூறு அடிக்கு ஓர் அடி இறக்கம் என்பது கணக்கு. பழைய வீட்டில் தரை ரோட்டை விடத் தாழ்ந்து போயிருந்தால் இந்த வாட்டம் கிடைக்குமா என்று முதலில் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். மொட்டை மாடித் தண்ணீரை இந்தச் சேம்பரில் விடாதீர்கள். ஊரே அப்படி விடுவதால்தான் மழையில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொள்கிறது. இணைப்பு வந்த பிறகு செப்டிக் டேங்கைச் சுத்தமாக எடுத்து, மணல் நிரப்பி மூடிவிடுங்கள். காலியாக விட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து.

வளசை வீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. பிளம்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டெப்போவுக்கும் போய் வந்தேன்.

சார் சொன்ன மாதிரியே பதிவேட்டில் எங்கள் மனைக்கு ஒரு குழாய் விட்டிருப்பதாக இருக்கிறது! ஆனால் எங்கள் மனையும் பக்கத்து வீட்டு மனையும் முன்பு ஒன்றாக இருந்தவை. அத்தை பாகம் பிரிந்தபோது அந்தப் பக்கம் அவர்களுக்குப் போய்விட்டது. குழாய் அவர்கள் எல்லையில் வந்து நிற்கிறது, அதில் அவர்கள் எப்போதோ இணைத்துக்கொண்டும் விட்டார்கள். ஆக எங்களுக்குத் தனியாகத்தான் வெட்ட வேண்டும். பொறியாளர் வந்து அளந்தார். எங்கள் வாசலிலிருந்து மேன்ஹோலுக்குச் சாய்வாக வெட்டினால் நீளம் குறையும், நேராக வெட்டிப் பிறகு திரும்பினால் கூடும். சாய்வாகப் போனால் பணம் குறையுமே என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?

இன்னொன்று. எங்கள் வாசலுக்கு எதிரில் மின்வாரியப் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் கேபிள் பெட்டி) இருக்கிறது. கேபிள் எங்கள் பக்கம்தான் வருகிறது என்று அப்பா சொல்கிறார், எத்தனை அடி ஆழம் என்று யாருக்கும் தெரியவில்லை.

சிங்கப்பூர் சைட்:

அக்கா, நான் தஞ்சாவூர்க்காரன், சிங்கப்பூரில் மண் வேலையில் சூப்பர்வைசர். கேபிள் விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன். இங்கே மண்ணில் கை வைப்பதற்கு முன்னால் உரிமம் பெற்ற கேபிள் கண்டறியும் ஆள் வந்து, கருவியை வைத்துக் கேபிள் போகும் பாதையைத் தரையில் குறித்துத் தர வேண்டும். அந்தக் குறியை நம்பியும் மெஷினை இறக்க மாட்டோம். முதலில் கையால் சின்னதாகக் குழி தோண்டிப் பார்ப்போம், டிரையல் ஹோல் என்போம். கேபிளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றது.

ஊரில் அந்தக் கருவி கிடைக்காமல் போகலாம். ஆனால் டிரையல் ஹோலுக்கு மண்வெட்டியும் பொறுமையும் போதும். பில்லர் பாக்ஸ் பக்கத்தில் ஜேசிபி பல்லை வைக்க விடாதீர்கள். கடப்பாரையைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தவும் விடாதீர்கள். செங்கல் வரிசையோ, ஸ்லாப்போ, எச்சரிக்கை நாடாவோ தென்பட்டால் அத்தோடு நிறுத்திவிட்டு, மின்வாரிய ஆள் வந்த பிறகு தொடருங்கள்.

ரோடு இன்ஜினியர் (ஓய்வு):

தம்பி சொன்னது அப்படியே சரி. மின் கேபிளுக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் ஆழம் வீட்டு மின்சாரக் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர், உயர் அழுத்தக் கேபிளில் 11 கேவிக்கு (கிலோவோல்ட்) 90, 33 கேவிக்கு 105. ஆனால் இது போடும்போது இருந்த ஆழம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் (மில்லிங் என்பார்கள்) மேல்மேலாகப் போட்ட தெருவில் கேபிள் இன்னும் கீழே இருக்கும். வடிகால் கட்டியபோது ஓரம் சீவப்பட்ட இடத்தில் கையெட்டும் ஆழத்தில் கிடக்கும். புத்தகத்தில் உள்ள ஆழத்தை நம்பிக் குத்தியவர்களுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வெட்டும் நாளில் லைன்மேனை நிற்கச் சொல்லுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

வெட்டு பற்றி. சாய்வாக வெட்டாதீர்கள் அம்மா. சிமெண்ட் ரோடு முழுவதும் ஒரே பாளம் இல்லை, மூட்டுக்கு மூட்டு தனித்தனிப் பலகைகள். குறுக்கே சாய்த்து வெட்டினால் இரண்டு மூன்று பலகை கூர்மையான மூலைகளோடு உடைந்து நிற்கும். அந்த மூலைகளில்தான் விரிசல் பிறக்கும்.  முடிந்தவரை ஒரே பலகைக்குள், மூட்டை ஒட்டி, தெருவுக்குச் செங்குத்தாக வெட்டச் சொல்லுங்கள். கூடுதலாகும் சில ஆயிரத்துக்கு அது தகும். பிரேக்கரை வைக்கும் முன்னால் கட்டர் மெஷினால் இரண்டு பக்கமும் கோடு போட்டு அறுக்க வேண்டும். அறுத்த விளிம்பு நேராக இருக்கும், புதுக் கான்கிரீட் பிடித்துக்கொள்ளும். பிரேக்கரால் மட்டும் உடைத்தால் விளிம்பு கிழிந்து, அதிர்வில் பக்கத்துப் பலகையும் அடியில் பிடி விட்டுவிடும்.

பள்ளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கச் சுவருக்குப் பலகை முட்டுக்கொடுக்காமல் ஆள் இறங்கக் கூடாது. உங்கள் பக்கம் களிமண். காய்ந்தபோது சுவர் மாதிரி நிற்கும், ஈரம் பட்டால் சொல்லாமல் சரியும்.

நான் கையெழுத்துப் போடும்போது அதிகம் சண்டை போட்டது மூடுவதைப் பற்றித்தான். தோண்டிய களிமண்ணையே உள்ளே தள்ளி, தண்ணீரை ஊற்றி, மேலே வண்டியை ஏற்றி இறக்கிவிட்டுப் போவார்கள். ஒரு மழைக்கு அரை அடி இறங்கும். குழாய்க்கு அடியிலும் மேலேயும் மணல், அதற்கு மேல் நல்ல மண்ணோ எம்-சாண்டோ, 15 சென்டிமீட்டருக்கு ஓர் அடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் இடிக்க வேண்டும். அதன் மேல் ஜல்லிக் கலவை, அப்புறம் கான்கிரீட். நீங்கள் பக்கத்தில் நின்று அடுக்கடுக்காக போட்டோ எடுங்கள், யாரும் தடுக்க முடியாது. கான்கிரீட் போட்டால் ஒரு வாரமாவது சாக்கு போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முழு வலு வர 28 நாள் ஆகும், அதுவரை தண்ணீர் லாரியை ஏற விடாதீர்கள்.

தடுப்பும் போர்டும் வேலையின் ஒரு பகுதிதான். எந்தத் துறை, எந்த ஒப்பந்ததாரர், தொடர்பு எண் என்ன என்று போர்டில் எழுதியிருக்க வேண்டும். இரவில் ஒரு சிவப்பு விளக்காவது வேண்டும். குழியைத் திறந்து வைத்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போனால், மாநகராட்சிப் புகார் எண் 1913க்குச் சொல்லத் தயங்காதீர்கள்.

கே.கே. நகர்:

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் ஃபைபர் கேபிள் போடுகிறேன் என்று ஒரு நிறுவனம் வந்து, பத்தடிக்கு ஒரு குழி போட்டுவிட்டுப் போய்விட்டது. அப்புறம் எங்கள் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டது. அவர்களுக்கெல்லாம் அனுமதி யார் தருகிறார்கள்? கேட்டால் மத்திய அரசு விதி என்கிறார்கள்.

ரோடு இன்ஜினியர் (ஓய்வு):

விதி மத்திய அரசுடையதுதான். தொலைத்தொடர்புக் கேபிள் போடுவதற்கென்று 2016இல் வழியுரிமை விதிகள் வந்தன. அதற்குப் பதிலாக 2024இல் புது விதிகள் எழுதி, 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. ஆனால் அதற்காக ரோட்டுக்காரரிடம் கேட்காமல் தோண்டலாம் என்று இல்லை. மாநகராட்சி ரோடு என்றால் மாநகராட்சியின் அனுமதிக் கடிதம் வேண்டும். எந்தத் தெரு, எத்தனை மீட்டர், திறந்து வெட்டுவதா துளைபோட்டுச் செலுத்துவதா என்று அதில் இருக்கும். குழி போடும் இடத்தில் நிற்கும் ஆளிடம் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். நகல் கையில் இருக்க வேண்டும்.

பத்தடிக்கு ஒரு குழி என்றால் துளை இயந்திரத்தால் இழுத்திருப்பார்கள். ரோடு பிழைக்கும், அந்த வகையில் நல்ல முறைதான். ஆனால் அந்தத் துளை கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுச் சாக்கடைக் குழாயை ஊடுருவிப் போவது உண்டு. குழாய்க்குள் கேபிள் குறுக்கே நிற்கும், அதில் துணியும் கொழுப்பும் சேர்ந்து அடைக்கும். எத்தனை முறை கம்பி விட்டாலும் திரும்ப அடைக்கும். மெட்ரோ வாட்டருக்கு 044 4567 4567 எண்ணில் புகார் கொடுத்து, கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபைபர் வேலை நடந்த தேதியைப் புகாரில் எழுதுங்கள். அனுமதிக் கடிதம் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ரோடு வெட்டு அனுமதியின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தோண்டுபவர் அடியில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்வதற்கென்று 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யு டிக்' என்று ஒரு செயலியும் கொண்டுவந்தது. ஒப்பந்ததாரர் அதில் தகவல் பதிந்தாரா என்று கேட்கலாம். கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே வேலை கொஞ்சம் ஒழுங்காக நடக்கும்.

வளசை வீட்டுக்காரி:

சார், டிமாண்ட் (கட்ட வேண்டிய தொகைக்கான நோட்டீஸ்) வந்துவிட்டது. நேராகவே வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், பொறியாளரும் அதைத்தான் விரும்பினார். ரோடு வெட்டுத் தொகை தனி வரியாக இருக்கிறது. நாளைக்குக் கட்டுகிறேன். ஆற்காடு சாலையில் மெட்ரோ ரயில் வேலை நடப்பதால் லாரி வர நேரமாகும், அதனால் இரவில் மண் இறக்கலாமா என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு அத்தை மகனும், அவர்கள் இணைப்பையும் அப்போதே சரிபார்த்துக்கொள்கிறேன் என்கிறான்.

ரோடு இன்ஜினியர் (ஓய்வு):

ரொம்ப சந்தோஷம் அம்மா. மண்ணை இரவில் இறக்கலாம், ஆனால் வெட்டும் நாளுக்கு முந்தின இரவு மட்டும். அதற்கு முன்பே இறக்கினால் மழைநீர் வடிகால் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும். அத்தை மகன் வேலை உங்கள் பள்ளத்துக்குள்ளேயே முடிந்தால் சரி. ஓர் அடி கூடுதலாக வெட்டுவதானாலும் அவர் பெயரில் டெப்போவில் தனி மனு போட்டு அனுமதி வர வேண்டும், உங்கள் ரசீதில் அதை ஏற்ற விடாதீர்கள். பணம் கட்டும் முன் டிமாண்டில் போட்டிருக்கும் நீளம், அகலம், ரோட்டின் வகை மூன்றையும் ஒருமுறை டேப் பிடித்துச் சரிபாருங்கள். சிமெண்ட் ரோட்டைத் தார் என்று போட்டிருந்தால் பணம் குறைவாக இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். திரும்பப் போடும்போதும் தாரைத்தான் ஊற்றுவார்கள்.